முப்பத்தேழு டிகிரி

உலான்பத்தாரில் அந்த ஜனவரி
சந்தையில் பாலைச் செங்கல் செங்கலாக விற்றார்கள்.
பஸ் கண்ணாடியின் உட்புறத்தில்
எங்கள் மூச்சே படிந்து உறைந்திருந்தது.

மூன்றாம் மாடி ஆய்வகத்தில் ஒரே குளிர்பெட்டி.
நான்கு தட்டு. நான்கிலும் ஒரே சொல்:
தொடாதே.
நொமிந்தாரியுடையது சிவப்பு மையில்.
செரிக்போலுடையது இரண்டு ஆச்சரியக்குறியோடு.
என் தட்டில் மண்டையோடும் வரைந்திருந்தேன்,
உள்ளே இருந்தது வெறும் உப்புக்கரைசல்.

இரண்டு வருஷம் ஒரே ஆணியில் கோட்டு மாட்டினோம்.
அவள் எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியாது.
நான் எதில் தோற்றேன் என்று அவளுக்குத் தெரியாது.
தோற்றதை யார் சொல்வார்கள்?
மதிப்பெண் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

வியாழன் இரவு பதினொன்றேகாலுக்கு
வெந்நீர்க் குழாய் வெடித்தது, பிறகு மின்சாரம் போனது.
வளர்பெட்டியின் வெப்பமானி
முப்பத்தேழு
முப்பத்து மூன்று
இருபத்தெட்டு
என்று படியிறங்கத் தொடங்கியது.
கொஞ்சம் குளிர்ந்தால் சாகாது, பாக்டீரியா நம்மைவிடக் கெட்டி.
விடியும்வரை உறைந்தால் சாகும்.
வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.

"உடம்பு என்ன சூடு?" என்று கேட்டது செரிக்போல்தான்.
யாரும் சிரிக்கவில்லை.

ஆள் நான்கு, குழாய் நாற்பது.
விடுதிக்கு ஓடிக் கதவு கதவாகத் தட்டினோம்.
கால்நடை மருத்துவம் படிக்கும் ஹொங்கொர்சுல் வந்தாள்,
கன்றுக்குட்டியைத் தூக்குகிறவளைப்போல் கோட்டைத் திறந்துகொண்டு.
கணிதத்துறை அல்தான்ஷகாய்
எதற்கென்று கேட்காமலே கையை உயர்த்தி அக்குளைக் காட்டினான்.
மொத்தம் பதினொரு பேர்.
ஆளுக்கு மூன்று நான்கு குழாய், மூடி இறுக்கி, இரட்டைப் பை போட்டு,
சட்டைக்குள், சட்டைக்குள் இருந்த சட்டைக்குள்.

வைத்துக்கொண்டு தூங்கவும் முடியாது.
குலுங்காவிட்டால் காற்று கிடைக்காது அவற்றுக்கு.
எனவே விடுதித் தாழ்வாரத்தில் நடந்தோம்,
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு,
பதினொரு கர்ப்பிணிகளைப்போல, விடியவிடிய.

நடக்கிறவர்கள் எவ்வளவு நேரம் வாயை மூடியிருக்க முடியும்?
இரண்டரை மணிக்கு நொமிந்தாரி சொன்னாள்:
சாம்பல் மேட்டில் எடுத்தது, கரிப்புகையின் பிசினைத் தின்னும் ஒன்று,
அதன் மரபணுவை வெட்டுகிறேன், வெட்டுகிறேன்,
எட்டு மாதமாக ஒட்டவே மாட்டேன் என்கிறது.
எனக்குக் கால் நின்றுவிட்டது.
எனக்கும்தான், என்றேன். எட்டு மாதம்.
எந்தப் புட்டி?
மேல்தட்டு, நீல மூடி.
அதேதான்.
பின்னால் நடந்தவன் முதுகில் வந்து மோதினான்.
அவனுக்கும் நீல மூடி.

செத்த நொதி ஒன்றை மூன்று பேர்
தனித்தனியாக,
ஒருவருக்கொருவர் தெரியாமல்,
தன் கை சரியில்லை என்று நம்பி
எட்டு மாதம் அழுதிருக்கிறோம்.

காலையில் இருபத்தாறு குழாய் கலங்கியிருந்தன.
கலங்கினால் உயிர். தெளிந்திருந்தால் ஒன்றுமில்லை.
எங்கள் துறையில் மட்டும் அப்படி.

பத்து மணிக்கு அலுவலகத்தில் நின்றோம்.
உயிர்ப்பொருளை வளாகத்தில் சுமந்தது விதிமீறல்,
அது உண்மை, வாதாடவில்லை.
மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார்கள்.
"இனி இவ்வாறு செய்யமாட்டோம்", கீழே பதினொரு கையெழுத்து.
"இது எந்தச் சங்கம்?" என்றார் எழுத்தர், கோப்பில் போடப் பெயர் வேண்டுமாம்.
ஒருவரையொருவர் பார்த்தோம்.
அல்தான்ஷகாய்தான் சொன்னான்: முப்பத்தேழு.

அந்தக் கடிதத்தின் நகல் குளிர்பெட்டிக் கதவில் இருக்கிறது இப்போது.
தட்டுகளில் மண்டையோடு போய்
"கேட்டுவிட்டுத் தொடு" வந்திருக்கிறது.
நீல மூடிப் புட்டி ஜன்னலில், காலியாக, பேனா வைக்க.
கடிதத்துக்கு மூன்றாம் பக்கம் ஒட்டியாகிவிட்டது.
அறுபத்து மூன்று பேர் வருந்துகிறார்கள்
தாங்கள் செய்யாத குற்றத்துக்கு.

நேற்று ஒரு முதலாண்டுப் பெண்,
பனி உதிராத தொப்பியோடு, வரி வரியாகப் படித்துவிட்டு
"எதற்கு மன்னிப்பு?" என்றாள்.
ஜன்னலிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தேன்.
முதலில் போடு.
நடந்துகொண்டே சொல்கிறேன்.